பலராம் நம்ம ஆளு

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒரு சிவப்பு பனியனை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். முதுகில் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் பெயர், அதன் கீழே நம்பர். "இங்கிலாந்து பிளேயர் தாத்தா. வாரத்துக்கே கோடிக்கணக்குல சம்பளம்" என்றான். எனக்குத் தெரிந்த இங்கிலாந்து பிளேயர் ஸ்டான்லி மாத்யூஸ் ஒருவர்தான், அவர் 50 வயது வரைக்கும் ஆடினார் என்றேன்.

"நம்ம ஆளுங்க யாரும் அப்படி இல்லையா?"

"இருந்தார். பலராம்னு பேரு. 27 வயசுல நிறுத்திட்டார்."

"ஏன் தாத்தா?"

சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் வாசலில் கூட்டாளிகள் குரல் கேட்டது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தொண்டை வரை வந்த கதையை விழுங்க முடியவில்லை. மிச்சத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னுடைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்ட் செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பந்தாட்டப் பேச்சு வந்தால் அவருக்குக் கோப்பெல்லாம் மறந்துவிடும். "பலராம் நம்ம ஆளு தம்பி. வீட்ல தமிழ்தான்" என்பார். நான் விடமாட்டேன். "துளசிதாஸ் பலராம் என்று தமிழன் பெயர் வைப்பானா சார்? ஒன்று தெலுங்கர், இல்லாவிட்டால் வங்காளி" என்பேன். பேப்பரில் அப்படிப் போட்டிருந்ததா என்று கேட்டால் இல்லை. ஐதராபாத் என்றால் தெலுங்கு, கல்கத்தா என்றால் வங்காளம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடுவார்.

பெயரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று காலடிப்பேட்டையில் குடியிருக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1717 முதல் 1720 வரை சென்னப்பட்டணத்தில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. காலெட் பேட்டை என்பது நாக்கில் தேய்ந்து தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. வெளியூர்க்காரர் கேட்டால் ஏதோ சாமி காலடி பட்ட ஊர் என்றுதான் நினைப்பார். தமிழ்ப் பெயருக்குள் ஓர் இங்கிலீஷ்காரர் ஒளிந்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டுதான், வடநாட்டுப் பெயருக்குள் ஒரு தமிழர் இருக்க முடியாது என்று வாதாடியிருக்கிறேன்.

பலராம் 1936-ல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தார். அம்மா பெயர் முத்தம்மா, அப்பா துளசிதாஸ் காளிதாஸ். இருவரும் தமிழர்கள். வெள்ளைக்காரன் பட்டாளம் அங்கே கூடாரமடித்த காலத்திலிருந்தே மதராஸ் பக்கத்துக் குடும்பங்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சிப்பாயாகப் போனவர்கள் உண்டு, பட்டாளத்தை அண்டிச் சமையல், சலவை, தோட்ட வேலை என்று போனவர்களும் உண்டு. பந்தாட்டமும் அப்படிப் பட்டாளத்தோடு போனதுதான். நம் பக்கத்தில் ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று பந்து ஓடிய இடங்களைப் பாருங்கள். துறைமுகம், ரயில்வே, மில். வெள்ளைக்காரனுக்கு வேலை நடந்த இடத்திலெல்லாம் சாயங்காலம் பந்து உருண்டது, வேலி ஓரம் நின்று பார்த்த நம் பையன்களும் பிறகு உள்ளே இறங்கிவிட்டார்கள்.

வீட்டில் வசதி கிடையாது. பையன் படித்து ஒரு சர்க்கார் வேலைக்குப் போனால் போதும் என்பது அம்மாவின் ஆசை. பந்தாட பூட்ஸ் வாங்கக் காசில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஐதராபாத் பந்தாட்டம் என்றால் சையது அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் வரிசையாக வாங்கியது. இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். அம்முகுடாப் பையன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஐதராபாத் அணித் தேர்வுக்கு வா என்று கூப்பிட்டார். தினமும் அவ்வளவு தூரம் வந்துபோகக் கையில் காசில்லை என்றான் பையன். வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் ஏற்பாடு செய்தார். அந்த வாடகை நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சில அணாதான், ஆனால் அந்தச் சில அணா இல்லாமல் எத்தனை பையன்கள் வீட்டோடு நின்றார்களோ. 1956-ல் ஐதராபாத் சந்தோஷ் கோப்பையை ஜெயித்தபோது பலராம் அணியில் இருந்தார். அதே வருஷக் கடைசியில் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியிலும் இருந்தார். வயது 20.

மெல்போர்னில் இந்தியா நாலாவது இடம் பிடித்தது. இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று ஜெயித்தோம், நெவில் டிசௌசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்றோம். பலராம் இந்தியாவுக்காக இறங்கியது அந்த ஒலிம்பிக்கில்தான் முதல் முறை.

பேரனிடம் சொன்ன மாத்யூஸை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் பள்ளி வாசகசாலையில் 'பிரான்ஸ் ஃபுட்பால்' என்ற பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடக்கும். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப்பந்து கொடுக்க ஆரம்பித்த பத்திரிகை அது. முதல் தங்கப்பந்தை அவர்கள் கொடுத்தது 1956-ல், அதே ஸ்டான்லி மாத்யூஸுக்கு. அப்போது அவருக்கு வயது 41. ஒரு முடிதிருத்தும் கடைக்காரரின் மகன். ஒருவருக்குத் தங்கப்பந்து கிடைத்த அதே வருஷம் இன்னொருவர் ஒலிம்பிக்கில் முதல் அடி வைக்கிறார். இந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

1957-ல் பலராம் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போனார். பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த கிளப் ஒரு சொந்த ஊர் மாதிரி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று மார்க்கெட்டில் இலீஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். காசிமேட்டுப் பக்கம் இந்த மாதிரி ஒரு வழக்கம் இல்லாதது மீன் வாங்குகிற நமக்கு நல்லதுதான். பலராம் இடது ஓரத்தில் ஆடுவார், நடுவிலும் ஆடுவார், எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். தான் கோல் போடுவதோடு நிற்காமல் அடுத்தவர் காலுக்குச் சரியாகப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் என்பது பார்த்தவர்கள் எல்லாரும் ஒருமித்துச் சொல்வது. 1961-ல் அவரே கேப்டன், அவ்வருஷம் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. சூனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது அப்போதைய வழக்கம்.

எனக்கு அவர் பெயர் முதலில் காதில் விழுந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். அப்போது நான் பாண்டிச்சேரியில் சின்னப் பையன். பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954-ல். சட்டப்படி ஒப்படைப்பு முடிந்ததோ 1962-ல்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வருஷம் 1960. அந்த வருஷம் பார்த்து இந்தியா இருந்த பிரிவிலேயே பிரான்சும் வந்து சேர்ந்தது. கூடவே ஹங்கேரி, பெரு. பிரிவுக்கு ஓர் அணிதான் மேலே போகலாம்.

ஆகஸ்ட் 26-ந்தேதி ஹங்கேரியுடன் ஆட்டம். ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடிய ஹங்கேரி, கடைசியில் அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணி. நம் ஆட்கள் 2-1 என்றுதான் தோற்றார்கள். அந்த ஒரு கோல் பலராம் அடித்தது, 79-வது நிமிஷத்தில். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஐதராபாத் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடி மேலே வந்தவர்.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 29, பிரான்ஸ். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேச்சு, மீதிப் பேர் வீட்டில் காங்கிரஸ் கொடி. யாருக்குக் கைதட்டுவது என்று பெரிய சண்டை. 71-வது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 82-வது நிமிஷத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. நடுவில் 11 நிமிஷம் நாம் பிரான்சுக்கு முன்னால் நின்றோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ சேதி வந்ததும் எங்கள் முசியே வகுப்பில் நுழைந்து கரும்பலகையில் 1-1 என்று எழுதினார். "மேட்ச் நுல்" என்றார், யாரும் தோற்கவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்திருந்த இரண்டு கட்சியும் கைதட்டியது. அந்த வகுப்பில் இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிரான்ஸ் இந்தியாவுக்குப் புதிதல்ல. சுதந்திரம் வாங்கிய மறுவருஷம், 1948 லண்டன் ஒலிம்பிக்கில், நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி 2-1 என்று தோற்றதும் பிரான்சிடம்தான். அன்று இந்தியாவின் கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வீணாய்ப் போனது. பன்னிரண்டு வருஷத்தில் நாம் எங்கிருந்து எங்கே வந்தோம் என்று அந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

பெருவிடம் 3-1 என்று தோற்றதோடு ரோம் முடிந்தது. அந்த ஒரு கோலைச் சில பதிவேடுகள் பலராம் கணக்கில் எழுதியிருக்கின்றன, சிலவற்றில் சைமன் சுந்தரராஜ் பெயர் இருக்கிறது. 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் அதே சைமன் சுந்தரராஜ்தான். பதிவேட்டில் இப்படி இரண்டு விதமாக இருந்தால் குமாஸ்தாவுக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு நன்றாகவே வருகிறது. எந்தப் பதிவு சரியென்றாலும் அடித்தது தமிழர். அதற்குப் பிறகு இந்தியப் பந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை, ஆகவே இன்றுவரை கடைசிக் கோலும் அதுதான்.

ஜகார்த்தா கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1962 ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லலாகாது என்று நம் ஜி.டி. சோந்தி பேச, ஊரே இந்தியர்கள் மேல் கொதித்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் என்று வரிசையாக ஜெயித்தோம். ஜப்பானுக்கு எதிராக பி.கே. ஒன்று, பலராம் ஒன்று. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடி தென்கொரியா. லட்சம் பேர் கூடி நம்மைத் திட்டிக்கொண்டிருந்த மைதானம். தலையில் தையலோடு ஜர்னைல் சிங், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த தங்கராஜ். 2-1, தங்கப் பதக்கம். ரஹீம் அப்போது புற்றுநோயோடு இருந்தார், அடுத்த ஜூனில் போய்விட்டார். பலராமுக்கு 1962-க்கான அர்ஜுனா விருது கிடைத்தது. வயது 26 கூட நிரம்பவில்லை.

இனி பேரன் கேட்ட 'ஏன்'.

1963-ல் பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டுவிட்டு பி.என்.ஆர். அணிக்குப் போனார். பெங்கால் நாக்பூர் ரயில்வே. அந்த ரயில்வே அதற்கு முன்பே தென்கிழக்கு ரயில்வே என்று மாறிவிட்டது, அணி மட்டும் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. உச்சியில் இருக்கிற ஆட்டக்காரன் லட்சக்கணக்கான ரசிகர்கள் உள்ள கிளப்பை விட்டு ரயில்வே அணிக்கு ஏன் போகிறான் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. பென்ஷன் கணக்குப் போட்டுப் போட்டு முடி நரைத்த பிறகுதான் புரிந்தது. அந்த அணியோடு வேலையும் வரும்.

இங்கிலாந்தில் ஆட்டக்காரனுக்கு ஆட்டமே உத்தியோகம். அதற்காக அன்றைக்கு அவர்கள் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1961 ஜனவரி வரை வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று அங்கே விதி இருந்தது, மாத்யூஸே ஆனாலும் அதே. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டித்தான் அதை எடுக்க வைத்தது. அப்போதைய விலையில் ஒரு பவுண்டு சுமார் 13 ரூபாய். 20 பவுண்டு என்றால் வாரம் 266 ரூபாய், மாதம் ஆயிரத்துக்கு மேல். பெரிய பணம்தான், ஆனால் அதைவிடப் பெரிது ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்து. நம் ஊரில் பந்தாட்டக்காரன் அமெச்சூர், அதாவது பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன். ஒலிம்பிக்குக்குப் போனாலும் பொழுதுபோக்குதான். சாப்பாட்டுக்கு அவன் போலீஸிலோ பட்டாளத்திலோ ரயில்வேயிலோ துறைமுகத்திலோ பெயர் எழுதிக்கொள்ள வேண்டும்.

பி.என்.ஆருக்குப் போன அந்த வருஷமே பலராமுக்குக் காசநோய் கண்டது. 27 வயதில் ஆட்டம் முடிந்தது.

அப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பார்கள். நம் சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்க வேண்டாம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகும் என்று 1959-லேயே உலகத்துக்குக் காட்டிவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் உறவுக்காரர்களைப் பார்க்கப் போய்வந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும். மருந்து இருந்ததால் மனிதர் பிழைத்தார், 86 வயது வரை இருந்தார். ஆனால் மைதானம் முழுக்க ஓடுவதற்கான நுரையீரலை எந்த மாத்திரை திருப்பித் தரும்? அந்த வருஷம் வேலை மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், பதக்கத்தை விற்றவர்கள் கதையெல்லாம் ஞாபகம் வந்தது. அம்மா ஆசைப்பட்ட சர்க்கார் வேலைதான் கடைசியில் மகனுக்குத் துணை நின்றது.

மாத்யூஸ் 1965 பிப்ரவரி 6-ந்தேதி ஸ்டோக் சிட்டிக்காகக் கடைசி லீக் ஆட்டம் ஆடினார். 50 வயது முடிந்து ஐந்து நாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே சர் பட்டம் வாங்கிய முதல் பந்தாட்டக்காரர். அன்றைக்கு பலராமுக்கு வயது 28, ஆட்டத்தை விட்டு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பலராம் ஊர் திரும்பவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி ஆற்றங்கரை உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். சூனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. பழைய கிளப்பின் மேல் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது, கடைசிவரை ஆறவில்லை. 2020-ல் மார்ச்சில் பி.கே.யும் ஏப்ரலில் சூனியும் போனார்கள். 2023 பிப்ரவரி 16-ந்தேதி பலராமும் போனார்.

மறுநாள் வந்த இரங்கல் குறிப்பில்தான் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்ற வரியைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். சூப்பரின்டெண்ட் சார் ரிட்டையராகிச் செகந்தராபாத்துக்கே போனவர், அவர் காலமாகியும் வெகு நாளாயிற்று. அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன.

வியாசர்பாடிப் பையன்கள் தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் என்று இந்தியாவுக்கு ஆடி வந்துவிட்டார்கள். இன்றைய லீக்கில் ஒப்பந்தம் உண்டு, கையெழுத்து உண்டு. என் பேரனுக்கு அந்த இரண்டு பெயரும் தெரிகிறது, பலராம் பெயர்தான் புதிது. ஐம்பது, அறுபதுகளில் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ கல்கத்தாவில் வேலை பார்த்து, பலராம் ஆட்டத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். திருவொற்றியூர், எண்ணூர் எதுவானாலும் நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். பேரனையும் கூட்டி வருகிறேன், அந்தச் சிவப்பு பனியனோடேயே வரட்டும்.